தனியாக யார் கபடி ஆடுவார்கள்?

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபையில் நீங்கள் எல்லோரும் முதல் பாட்டுக்கு எழுந்து நின்றிருக்கும் நேரம். நான் செம்பூரில், ஷட்டர் இறக்கிய ஒரு ஜிம்முக்குள் மல்லாந்து கிடந்தேன். என் நெஞ்சின்மேல் இரும்பு கிடந்தது. பக்கத்தில் ஆளில்லை. கூப்பிட்டாலும் யாரும் வராதபடி நானே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அன்றைக்குக் கர்த்தர் என்னை உயிரோடு வெளியே கொண்டுவந்தார். அதற்கு மட்டும் நன்றி சொல்வதென்றால் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுவேன். ஆனால் அதற்கு முன்பே மாதக்கணக்காக நான் அவரிடம் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் கேட்டது. அதையும் அவர் அன்றைக்கே கொடுத்தார். ஆகவே இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரூபி. அப்பா நாசரேத்துப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் இறந்துவிட்டார். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். நானும் அம்மாவும் தாராவியில் கிராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்தோம். படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனால் கபடி ஏறியது. எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மராத்திப் பிள்ளைகளோடு ஆடத் தொடங்கி, மகாராஷ்டிரா பெண்கள் அணிக்கு ஆடும் அளவுக்கு வந்தேன். அந்த ஆட்டத்தால்தான் ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு வேலையும் கிடைத்தது. பிறகு முட்டி போய்விட்டது. முட்டியைச் சரிசெய்ய ஜிம்முக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். பளு தூக்கும் போட்டியில், அதாவது பவர்லிஃப்டிங்கில், தேசிய அளவில் பதக்கங்கள் வாங்கினேன். ஒருமுறை இந்தியா என்று எழுதிய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆசியப் போட்டிக்கும் போனேன்.

இரண்டு விளையாட்டில் சாதித்தவர் என்று மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். பொன்னாடை போடுவார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்கு நானே சொல்கிறேன், இந்தச் சாட்சிக்கு அது தேவைப்படுகிறது.

கபடியில் நீங்கள் அவுட் ஆனால் எழுந்து வெளியே போய்க் கோட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் அங்கிருந்து தானாக உள்ளே வர முடியாது. உங்கள் அணியில் மிச்சம் இருப்பவர்களில் ஒருத்தி எதிராளியை அவுட் ஆக்க வேண்டும். அவள் ஒரு புள்ளி எடுத்தால் இங்கே ஒருத்தி எழுந்து உள்ளே போகலாம். முதலில் வெளியே வந்தவள் முதலில். நான் ரெய்டு போகிறவள், அதாவது மூச்சுப் பிடித்துக்கொண்டு எதிர் அணிக்குள் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். நான் மூச்சைப் பிடிக்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வெளியே உட்காரும்போது அப்படித்தான் நானும் எங்கள் கேப்டன் வைஷாலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பவர்லிஃப்டிங் அப்படி இல்லை. மேடையில் நீங்கள் ஒருவர். எடையை மாட்டிய இரும்புக் கம்பியை ராடு என்போம். ராடுக்கு இரண்டு பக்கமும் பிடிப்பதற்கு ஆட்கள் நிற்பார்கள். ஆனால் நீங்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போது அவர்களில் ஒருவருடைய விரல் ராடில் பட்டால் போதும், அந்த லிஃப்ட் செல்லாது. உதவி வந்தால் தோல்வி. அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் ஜெயத்துக்கு நானே பொறுப்பு, ஒருத்தரையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று நினைத்தேன். பல வருடம் அப்படியே தூக்கித் தூக்கி, மேடையில் இருந்த அந்தச் சட்டம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அது வந்தது எனக்குத் தெரியவில்லை, அம்மா இருந்ததால்.

அம்மா என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "ஏட்டி, சாப்ட்டியா?" பதக்கத்தோடு வந்தாலும் அதுதான், தோற்றுவிட்டு வந்தாலும் அதுதான். கபடி ஆடிய காலத்தில் எங்கள் அணியே அந்த மாடி அறைக்கு ஏறி வரும். அம்மாவுக்கு மராத்தி வராது. அவர்களுக்குத் தமிழ் வராது. அம்மா ஒவ்வொருத்தியாகப் பார்த்து "ஏட்டி, சாப்ட்டியா?" என்பாள். வாயைப் பார்த்தே அவர்கள் அர்த்தத்தைப் புரிந்துகொண்டு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு மைதானத்தில் ஒருத்தியை ஒருத்தி அதே மாதிரி கேட்டுக் கிண்டல் பண்ணுவார்கள். அதெல்லாம் ஒரு காலம். அணி கலைந்தது. கல்யாணம், பிள்ளை, வேறு ஊர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. தோள் இத்தனை அகலமாக இருக்கிற பெண்ணை யாருக்குக் காட்டுவது என்று அத்தைமார் சலித்துக்கொண்டார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்கு வந்துவிட்டேன்.

கொரோனா எல்லாம் ஓய்ந்தபின் ஒருநாள் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அண்ணனுக்கு விமானம் சரியான நேரத்துக்குக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைத் தூக்க ஆண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். அண்ணன் பிடிக்க வேண்டிய முனையை நான் பிடித்தேன். அன்றைக்கு நான் அழவில்லை. பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சபையில் எனக்கு அக்கா முறையில் பழகுகிற கிரேஸ் அக்கா என் முதுகைத் தட்டி, "நீ பெலசாலி பிள்ளைல்லா, ஒனக்கென்ன. சமாளிச்சிருவ" என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறிப் போனார்கள்.

அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். நானே அப்படித்தானே நடந்துகொண்டேன். ஆராதனை முடிந்ததும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை உள் அறையில் கொண்டு வைப்பது என் வேலை. இரண்டு ஆண்கள் தூக்கும் பெட்டி. நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு போவேன். யாராவது கை கொடுக்க வந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவேன். தூக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது கும்பல் கலைந்திருக்கும். அம்மா இருந்தவரை அவள் வாசலில் எனக்காக நிற்பாள். அவள் போனபிறகு வாசலில் செருப்பு மட்டும் கிடக்கும்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. டிவியைப் போடுவேன், எரிச்சலாக வரும், அணைத்துவிடுவேன். ஆபீசில் பேசுவதெல்லாம் இந்தி. அண்ணன் வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். நெட்வொர்க் சரியில்லை என்று அவன் சொல்வான், ஆமாம் என்று நான் சொல்வேன். சில நாட்கள் காலையிலிருந்து படுக்கும்வரை ஒரு தமிழ் வார்த்தைகூட என் காதில் விழுந்திருக்காது. அப்போது நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். பெரிய ஜெபம் இல்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஏட்டி சாப்ட்டியா என்று கேட்க எனக்கு ஒரு வாய் வேண்டும்" என்பேன். அவ்வளவுதான். நாற்பது தாண்டியவள் கேட்கிற ஜெபமா இது என்று எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வேளையும் கேட்டேன். பதில் வரவில்லை. எத்தனை மாதம் ஒருவர் ஒரே பதிலுக்குக் காத்திருப்பது? கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு வருவதை நிறுத்தினேன். பெஞ்சில் அம்மா உட்காரும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பதிலாக ஜிம்முக்குப் போனேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தேசியப் போட்டி வரவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஜிம்முக்கு விடுமுறை. முதலாளி என்னை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே நான் மட்டும் பயிற்சி செய்வேன்.

அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன் கதம் காக்கா; காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா. சதாராப் பக்கத்து மனிதர், வயதானவர், ஒல்லி. நான் முதல் ஞாயிறு எடை தூக்கியபோது வழக்கம்போல் "இயேசுவே" என்று கத்தினேன். அது என் பழக்கம். தூக்கும்போது எல்லோரும் எதையாவது கத்துவார்கள். மனிதர் பதறிப்போய் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடிவந்துவிட்டார். என் கவனம் சிதறி அந்த லிஃப்ட் கெட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காக்கா, மை சில்லாவூன் தோ பி அந்தர் மத் ஆனா" என்றேன். நான் கத்தினாலும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். இரும்பு விழுகிற சத்தம் கேட்டாலும் வரக்கூடாது என்று சேர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு வரவும் இல்லை. சொன்ன சொல் தவறாத மனிதர்.

அந்த ஞாயிறு காலை நல்ல மழை. பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி. பழைய பெஞ்ச், ராடு விழுந்தால் தாங்கும் தடுப்புக் கம்பி அதில் கிடையாது. தனியாக இதைச் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருப்பார்கள். ராடின் இரண்டு முனையிலும் எடைத் தட்டுகள் நழுவாமல் இருக்க ஒரு பூட்டு மாட்டுவோம். அதைக் காலர் என்போம். தனியாகத் தூக்கும்போது காலரை மாட்டக்கூடாது. காலர் இல்லாவிட்டால், ராடுக்கு அடியில் சிக்கினாலும் அதை ஒரு பக்கம் சாய்க்கலாம், தட்டுகள் வழுக்கி விழும், ஆள் தப்பிக்கலாம். ஜிம்முக்கு நேற்று வந்த பையனுக்குக்கூட இது தெரியும். ஆனால் போட்டியில் காலர் கட்டாயம். வருடக்கணக்காக மேடையில் தூக்கியவள் கை தன் பாட்டுக்கு இரண்டு காலரையும் இழுத்து இறுக்கிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

தள்ளும்போது பாதியில் வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. கை செத்துவிட்டது. ராடு நெஞ்சின்மேல், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து இறங்கியது. இறங்கியதில் வலது முனை பெஞ்சின் இரும்புக் காலுக்கு உள்பக்கம் போய்ச் செருகிக்கொண்டது. வயிற்றுப் பக்கம் உருட்டலாம் என்றால் உருளவில்லை. இடது பக்கம் சாய்த்தேன். தட்டுகள் அசையவில்லை. அப்போதுதான் காலர் ஞாபகம் வந்தது.

"இயேசுவே" என்று கத்தினேன். ஷட்டரை ஒட்டி வெளியே கதம் காக்காவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுபடியும் கத்தினேன். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. அவர் எப்படி வருவார்? நான் கத்தினால் வரக்கூடாது என்று சொல்லி வைத்தவள் நான்தானே. ஜிம்மில் ஒருத்தி கடவுளைக் கூப்பிட்டுக் கத்துவது அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற சத்தம். கத்தியதில் எனக்கு மூச்சு வேறு போய்விட்டது. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு தாழ்கிறது, நெஞ்சு தாழ்ந்தால் ராடு இன்னும் இறங்குகிறது. திரும்ப இழுக்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போது நான் மனதுக்குள் ஜெபித்தேன். உயிரைக் காப்பாற்றும் என்று சொல்லவில்லை. பயத்தில் அது வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இப்படித் தனியாக வேண்டாம்" என்றேன். சாவது பற்றி அழுகை வரவில்லை. நாளைக்கு ஜிம் திறக்க வருகிறவர்கள்தான் என்னைப் பார்ப்பார்கள், அதுவரைக்கும் என்னை எங்கே காணோம் என்று தேட இந்த பம்பாயில் ஒரு ஆள் இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. அம்மா இறந்த அன்று வராத அழுகை. ஆனால் அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

மூச்சை மொத்தமாக விடக்கூடாது. துளித்துளியாக விட வேண்டும். அதற்கு என் உடம்புக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. சின்ன வயதிலிருந்து பழகியது. நான் யோசித்துச் செய்யவில்லை. உதடு தானாக ஆரம்பித்தது. கபடி, கபடி, கபடி, கபடி. தாழ்ந்த குரலில், பல் இடுக்கில், ரெய்டு போகும்போது சொல்வதுபோல. ஒரு வாய்க் காற்றில் எவ்வளவு நேரம் போகலாமோ அவ்வளவு. பிறகு வெடுக்கென்று ஒரு சின்ன மூச்சு. திரும்பவும் கபடி, கபடி, கபடி. எத்தனை முறை அப்படிப் போனேன் என்று தெரியாது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நடுவில் இயேசுவே என்றும் வந்திருக்கும், அம்மா என்றும் வந்திருக்கும்.

ரேடியோ நின்றது.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது. பிறகு குனிந்த தலை. "அந்தர் கபடி கோன் கேல் ரஹா ஹை?" என்று கேட்டுக்கொண்டே கதம் காக்கா உள்ளே வந்தார். உள்ளே யார் கபடி ஆடுகிறார்கள் என்று கேட்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. ராடைத் தூக்கப் பார்த்தார். அவர் உடம்புக்கு அது அசையுமா? நான் இடது கையால் ராடின் முனையைக் காட்டினேன். காலர் என்று சொன்னேனோ என்னவோ. அவர் அதைத் திருகித் திருகிப் பார்த்து எப்படியோ கழற்றிவிட்டார். இடது பக்கத்துத் தட்டுகள் தடதடவென்று தரையில் விழுந்தன. ராடு வலது பக்கம் குடைசாய்ந்து என்னைவிட்டு இறங்கியது. நான் மூச்சை இழுத்தேன். அந்த மூச்சின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கத்தினால் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேனே, எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னார்.

"சில்லானே பே நஹி ஆயா, தாயி. கபடி சுனா. அகேலே மே கபடி கோன் கேல்தா ஹை?"

கத்தியதற்கு நான் வரவில்லை அக்கா, கபடி என்று கேட்டது, தனியாக யார் கபடி ஆடுவார்கள் என்றுதான் பார்க்க வந்தேன் என்கிறார். அவர் வாலிபத்தில் ஊரில் கபடி ஆடியவராம். வேறு யாராக இருந்தாலும் அந்த முணுமுணுப்பு காதில் ஏறியிருக்காது. ஆட்டோ குலுங்கக் குலுங்க வலியில் உயிர் போனது. ஆனாலும் அந்தக் கேள்விதான் என்னை அதிகமாகக் குத்தியது. தனியாக யார் கபடி ஆடுவார்கள்?

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் தலைநிமிராமல் "சாத் மே கோன் ஹை?" என்றாள். கூட யார் என்று எல்லோரையும் கேட்கிற கேள்வி. மஸ்கட் என்று சொல்வதா, கல்லறைத் தோட்டம் என்று சொல்வதா? கதம் காக்கா என் போனை எடுத்து நீட்டினார். "டீம் மே கோன் தா? உஸ்கோ புலாவ்" என்றார். அணியில் யார் இருந்தார்கள், அவர்களைக் கூப்பிடு என்று. அவருக்கு அது அவ்வளவு லேசாகத் தெரிந்தது. பெரிய அணிக்கு ஆடியவளுக்கு ஆளா இல்லாமல் போகும்?

வைஷாலியின் நம்பர் என் போனில் இருந்தது. என் பிறந்தநாளுக்கு வருடா வருடம் வாழ்த்து அனுப்புவாள். நான் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அவள் குர்லாவில் டப்பா வியாபாரம் நடத்துகிறாள், ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறாள் என்று தெரியும். போய்ப் பார்த்ததில்லை. காக்காவே அவளிடம் பேசினார்.

தோள் சதை கிழிந்திருக்கிறது, விலா எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டு, கையைக் கட்டி, ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். சுற்றிலும் இருந்த கட்டில்களில் ஆட்கள் சூழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கு ஆறு பேர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரோ நனைந்த செருப்போடு ஓடிவருகிற சத்தம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். வைஷாலி. முன்பைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தாள். முழங்கைவரை கோதுமை மாவு, கழுவக்கூட இல்லை. மூச்சு வாங்கியது. என் முகத்தையும் கையில் போட்டிருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், கேப்டனாக இருந்தபோது நன்றாகத் திட்டுவாள். அவள் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, எத்தனையோ வருடத்துக்கு முன்னால் எங்கள் மாடி அறையில் கற்றுக்கொண்ட, அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழைச் சொன்னாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

அதற்குமேல் அங்கே நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. விலா எலும்பில் விரிசல் விழுந்தவள் அழக்கூடாது, அவ்வளவு வலிக்கும். நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் நர்சைக் கூப்பிட்டார்கள். வைஷாலிக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்காகக் கேட்ட வார்த்தை அது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் யாரிடமும் சொல்லவே இல்லையே. அதைக் கேட்டவர் ஆண்டவர் ஒருத்தர்தான்.

அவள் என்னைக் குவார்ட்டர்சுக்கு அனுப்பவில்லை. குர்லாவுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு அறை, அதில் ஒன்று முழுக்க டப்பாக்கள். கைக்கட்டை அவிழ்க்கும்வரை அங்கேதான் இருந்தேன். வலது கை இல்லாமல் தலை சீவ முடியாது, துணி மாற்ற முடியாது, சோறு பிசைய முடியாது. முதல் சில நாட்கள் எனக்கு நரகமாக இருந்தது. அவள் ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொள்வேன். யாருடைய விரலாவது பட்டால் லிஃப்ட் செல்லாது என்று பழகிய உடம்பு. அவள் விடவில்லை. பழைய அணிக்காரிகளுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தார்கள். ஒருத்தி விராரிலிருந்து ரயில் மாறி மாறி வந்தாள். வந்து தலைக்கு எண்ணெய் வைத்தாள். அவர்கள் உட்கார்ந்து பேசும்போது நான் நடுவில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் தோற்றுப்போய்க் கிடக்கவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். யாரோ புள்ளி எடுத்து என்னை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். எனக்கும் வந்தது. இயேசுவே என்று கத்தியபோது ஆள் வரவில்லை, கபடி என்றபோதுதான் வந்தது, இதில் ஜெபம் எங்கே கேட்கப்பட்டது? எனக்கு வேதபாடம் நடத்தத் தெரியாது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நிறைய யோசித்தேன். ஆண்டவர் என் முதல் சத்தத்தையே கேட்டுவிட்டார். கதம் காக்காவின் காதுக்கு எந்தச் சத்தம் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை என் சின்ன வயதிலேயே எனக்குள் போட்டு வைத்திருந்தார். நான் மறந்துபோன விளையாட்டை அவர் மறக்கவில்லை. இப்படித்தான் நான் நம்புகிறேன்.

தோள் ஆறியபின் முதல் ஞாயிறு சபைக்கு வந்தேன். கும்பல் ரயிலில் என்னைத் தனியாக விட மாட்டேன் என்று வைஷாலியும் கூடவே வந்தாள். அம்மா உட்காரும் இடத்தில் அவளை உட்காரவைத்தேன். ஒரு வார்த்தை புரியாமல் ஆராதனை முழுக்க மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்தால் எழுந்தாள். முடிந்ததும் கிரேஸ் அக்கா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அழுதுவிட்டார்கள்.

"எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லலியேட்டி. நீ பெலசாலின்னு நாங்க பாட்டுக்கு இருந்துட்டோம்."

"நானும் அப்படித்தாங்க்கா நெனச்சிட்டிருந்தேன்" என்றேன்.

ஸ்பீக்கர் பெட்டி அங்கேயே இருந்தது. நான் இல்லாத மாதங்களில் ஆண்கள் இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் வந்துவிட்டதால் ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. பழக்கம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜிம்மில் தூக்க முடியாமல் போகிறவர்கள் கேட்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதைச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அக்கா, ஒரு சப்போர்ட் குடுங்க."

கிரேஸ் அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். வைஷாலி வந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது ஒருத்தி காலில் ஒருத்தி மிதித்தாள், மூலையில் சுவரை இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது, ஒரே சிரிப்பு. நான் ஒருத்தியாகத் தூக்கியிருந்தால் சுத்தமாக வைத்திருப்பேன். வைத்துவிட்டுத் திரும்பியபோது கும்பல் கலைந்திருக்கவில்லை, அந்தக் கும்பலே நாங்கள்தான்.

அந்தத் தேசியப் போட்டிக்கு நான் போகவில்லை. இனி போவேனா என்று தெரியாது. இப்போது லேசான எடைதான், அதுவும் தலைக்குப் பின்னால் ஒருவர் நின்றால்தான். ஞாயிற்றுக்கிழமை ஜிம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போகிற வழியில் கதம் காக்காவிடம் நின்று பேசாமல் போனால் அவருக்குக் கோபம் வருகிறது. கிறிஸ்துமஸ் கேக்கில் அவருக்குப் பெரிய துண்டு.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது பூட்டைத் திறந்து சத்தமில்லாத வீட்டுக்குள் போகிறவராக இருப்பீர்கள். பெலசாலி என்று பெயர் எடுத்துவிட்டு, அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவராக இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதினேன். கேளுங்கள். சின்ன ஜெபம் என்று வெட்கப்படாதீர்கள். சோற்றுத் தட்டோடு கேட்டதை அவர் கேட்டார். அவர் ஆள் அனுப்புவார். நீங்கள் எதிர்பார்க்கிற ஆளாக இருக்காது, உங்கள் மொழி பேசுகிற ஆளாகக்கூட இருக்காது. வந்தால் வேண்டாம் என்று மட்டும் தலையை ஆட்டிவிடாதீர்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் கடைசி பெஞ்சுப் பக்கம்தான் நிற்பேன். அகலமான தோள், அடையாளம் தெரியும். தனியாக வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போகாமல் என்னிடம் வாருங்கள். உங்கள் பெயரை நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். முதலில், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.